கம்பத்தில் போகும் ஃபைபரின் கணக்கு

ஊருக்கு இன்டர்நெட் கொண்டுவர, மண்ணைத் தோண்டுவதைவிடக் கரண்ட் கம்பத்தில் ஃபைபரைக் கட்டிக்கொண்டு போவது மலிவு. அதில் சந்தேகமில்லை. பள்ளம் வெட்டும் கூலி, இடையில் வரும் பாறை, நெடுஞ்சாலைத் துறை அனுமதி, உடைத்த ரோட்டைத் திரும்பப் போடுவது என்று காசு கரைவதெல்லாம் மண்ணில்தான். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் முதல் கட்டம் அப்படித்தான் இழுத்தடித்தது. ஆந்திரா கம்பத்தில் ஏற்றியது. நம் தமிழ்நாட்டு அரசின் டான்ஃபினெட்டும் 12,525 ஊராட்சிகளுக்குப் பெரும்பாலும் அதே வழியில்தான் போகிறது.

சரி, கட்டியாயிற்று. அப்புறம்?

வைக்கோல் பாரம் ஏற்றிய ஒரு லாரி போதும், தொய்ந்த கேபிளை இழுத்து அறுக்க. அறுந்தால், உள்ளே முடி மாதிரி இருக்கும் கண்ணாடி இழை ஒவ்வொன்றையும் உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை நேராக வெட்டி, மிஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். 24 இழை என்றால் 24 தடவை. அதுவும் ரோட்டோரம், வெயிலில். அது தெரிந்த ஆள் எல்லா ஊரிலுமா இருக்கிறார்? 2018 கஜா புயலில் டெல்டாவில் சாய்ந்த கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். கம்பம் சாய்ந்தால் ஃபைபரும் சாயும்.

2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்திய பாரத்நெட்டின் 1,39,579 கோடி ரூபாயில் 10 ஆண்டுப் பராமரிப்பும் சேர்த்தி. தாமதமாக வந்த புத்தி என்பேன்.

அடுத்த கிராம சபையில் ‘எப்போ நெட் வரும்?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். அறுந்தால் யார், எத்தனை மணி நேரத்தில் வருவார் என்றும் கேளுங்கள்.