இரண்டு சீற் காரும் கறளும்



போன கிழமை மகள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். "சேர், அந்தச் சிவப்புக் கார் உங்கடையோ?" "மாமா, இந்த வயசில ரெண்டு சீற் கார் என்னத்துக்கு?" "என்ன விலை சேர்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத விரல்கள் ஒத்துழைக்காது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பது நிமிடப் பாடம் எடுத்த பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் என்னுடையதுதான். மாஸ்டா எம்.எக்ஸ்-5, 2000ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1.8 லீற்றர் எஞ்சின். 2012இல் 71,000 மைல் ஓடியிருந்த நிலையில் 1,900 பவுண்ஸுக்கு வாங்கினேன். இங்கே லெஸ்ரரில் எங்கள் ஆட்கள் ஒரு கலியாணத்துக்கு மண்டபம் சோடிக்கக் கொடுக்கும் காசை விட அது குறைவு. ஆகவே மாஸ்ரர் பணக்காரராகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தக் காருக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1960களில் பிரிட்டனில் லோட்டஸ் எலான், எம்.ஜி போன்ற சின்னத் திறந்த கார்கள் பிரபலமாக இருந்தன. பிறகு அந்த வகை மெல்ல மெல்ல மறைந்து போனது. 1979இல் பொப் ஹோல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மாஸ்டாவின் பெரிய பொறியியலாளரான கெனிச்சி யமமோட்டோவிடம், இப்படி ஒரு மலிவான, பாரம் குறைந்த காரை நீங்கள் செய்யலாமே என்று சொன்னாராம். பத்து வருடம் கழித்து, 1989 பெப்ரவரியில், சிக்காகோ கண்காட்சியில் அந்தக் கார் வெளிவந்தது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் தயாரானது. உலகத்தில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் இன்றைக்கும் இதற்குத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் பறக்கும் என்று நினைப்பீர்கள். என்னுடையதற்கு ஏறத்தாழ 140 குதிரைவலு. இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றுக்கு அதைவிடக் கூட உண்டு. இதன் இரகசியம் நான் உங்களுக்குப் படிப்பித்ததுதான். விசை சமன் திணிவு தர ஆர்முடுகல். விசையைக் கூட்ட முடியாவிட்டால் திணிவைக் குறை. இந்தக் கார் ஏறத்தாழ 1,050 கிலோதான். எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் அநேகமாகச் சரி பாதி. பனிச்சறுக்கு ஆடும் பெண் கைகளை ஒடுக்கியதும் வேகமாகச் சுழல்வாள் என்று சொல்லித் தந்தது ஞாபகம் இருக்கிறதா? பாரம் நடுவுக்குக் கிட்ட இருந்தால் திரும்புவது இலகு. 40 மைல் வேகத்தில் ஒரு கிராமத்து வளைவில் திரும்பும்போது அந்தச் சடத்துவத் திருப்பம் முதுகெலும்பில் தெரியும். அதற்காகச் சட்டத்தை மீறத் தேவையில்லை.

இனிப் பராமரிப்புக்கு வருகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவது சுகம். வைத்திருப்பதுதான் பாடம்.

எஞ்சினைப் பற்றிப் பயமில்லை. நேரத்துக்கு ஒயில் மாற்றினால் போதும், ஏறத்தாழ 4 லீற்றர் பிடிக்கும். 60,000 மைலுக்கு ஒருதரம் ரைமிங் பெல்ற் மாற்ற வேண்டும். நான் வாங்கியபோது அதை மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. பற்றுச்சீட்டு இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதமே பெல்ற்றையும், அதே இடத்தைத் திறந்தால்தான் எட்டக்கூடிய தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றினேன். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். அதை இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றுகிறேன். பற்றறி இந்தக் காரில் பின் டிக்கிக்குள் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது வரும் வாயுவை வெளியே விட ஒரு மெல்லிய குழாய் உண்டு. புதுப் பற்றறி போடும்போது அந்தக் குழாயைப் பொருத்தினார்களா என்று பார்க்க வேண்டும். ரயருக்கு 26 பி.எஸ்.ஐ காற்று என்று கதவோரத் தாளில் எழுதியிருக்கிறது. கராஜில் விட்டால் வழமையாக எல்லாக் காருக்கும் அடிப்பது போல 32, 34 என்று அடித்து விடுவார்கள். வீட்டுக்கு வந்து நான் குறைப்பேன்.

இதெல்லாம் சின்னக் காரியம். இந்தக் காரின் உண்மையான எதிரி கறள்.

துணிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளைகளால் இறங்கி, பின் சில்லுகளுக்கு முன்னால் காருக்குக் கீழே வெளியேற வேண்டும். மரத்துக்குக் கீழே நிற்கும் காரென்றால் இலையும் தூசியும் அந்தத் துளையை அடைக்கும். தண்ணீர் தேங்கும். பிறகு கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டுக்குள் ஈரம் போய், உள்ளிருந்து தின்னத் தொடங்கும். குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு கீழிருந்து தின்னும். வெளியே சிவப்புப் பெயின்ற் பளபளவென்று இருக்கும். உள்ளே தகடு அப்பளம் போல ஆகியிருக்கும்.

வருடத்தில் இரண்டு தரம், இலையுதிர் காலத்துக்கு முன்னும் பின்னும், புல்வெட்டும் மெசினுக்குப் போடும் நைலோன் கயிற்றை அந்தத் துளைக்குள் விட்டுச் சுத்தம் செய்வேன். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி, கீழே வருகிறதா என்று பார்ப்பேன். இப்போது பேத்திதான் தரையில் படுத்துப் பார்த்து, "வருது தாத்தா" என்று சொல்லும் உத்தியோகத்தில் இருக்கிறாள்.

இத்தனை கவனித்தும், போன ஐப்பசியில் எம்.ஓ.ரி பரிசோதனையில் கார் தோற்றது. இங்கிலாந்தில் மூன்று வயதைத் தாண்டிய கார் வருடத்துக்கு ஒருதரம் இந்தப் பரிசோதனையில் தேற வேண்டும். பரிசோதகர் இடது பக்கத் தகட்டைக் கருவியால் தட்ட, அது பொத்துக்கொண்டு போனது. சீற் பெல்ற் பூட்டிய இடத்துக்குக் கிட்ட. அங்கே பலமான தகடு இல்லையென்றால் தேறவே விடமாட்டார்கள், அது நியாயம். சுரண்டிப் பார்த்தபோது, நான் வாங்குவதற்கு முன்னரே யாரோ கறளை வெட்டாமல் அதன் மேல் ஒரு தகட்டை ஒட்டி, பூசி மறைத்திருந்தது தெரிந்தது. சரியாகத் திருத்த 1,150 பவுண்ஸ் என்றார்கள். இரும்புக்கு எடுப்பவர் 250 தருகிறேன் என்றார்.

அன்றிரவு வீட்டில் பெரிய மாநாடு. மகள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. "அப்பா, திருத்தினாலும் காரின்ர பெறுமதி ரெண்டாயிரம்தான். வருசத்துக்கு வரி மட்டும் முந்நூறுக்கு மேல. இன்சூரன்ஸ் வேற. உங்களுக்கு 71 வயசு, இறங்கேக்க நாரி பிடிக்குது. விட்டிடுங்கோ." மருமகன் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கணக்கு அவள் பக்கம்தான். கணக்கு வாத்தியாரும் நான்தான்.

நான் ஏன் விடவில்லை என்பதை அன்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இணுவிலில் எங்கள் ஐயா வைத்திருந்த ஒஸ்ரின் ஏ40 உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கும் ஆசுப்பத்திரிக்கும் ஓடிய கார். 1990க்குப் பிறகு பெற்றோல் வராது. போத்தலில் கிடைத்த கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் பழைய எஞ்சினில் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அது மண்ணெண்ணெயிலும் ஓடியது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஓட ஓட ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடும்! ஐயா ஒவ்வொரு காலையும் டிப் ஸ்ரிக்கை இழுத்து, விரலில் தேய்த்து, மணந்து பார்ப்பார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத மனிதர். பிசுக்குமை என்ற சொல் தெரியாமலே அதை அளந்தவர்.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. உங்களில் பலர் அந்த வீதியில் எங்களோடு நடந்தவர்கள். காருக்கு எண்ணெய் இல்லை; இருந்திருந்தாலும் அந்தச் சனத்துக்குள் அது நகர்ந்திராது. ஐயா பற்றறி வயரைக் கழற்றினார், சில்லுக்குக் கல் வைத்தார், கொட்டிலைச் சாத்தினார். சைக்கிளில் இரண்டு பையோடு புறப்பட்டோம். 1996 வைகாசியில் திரும்பி வந்தபோது வெறுங்கூடுதான் நின்றது. எஞ்சின் இல்லை, சில்லு இல்லை. ஐயா சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பழுதாகிப் போயிருந்தால் மனம் ஆறியிருக்கும்."

வீடு, புத்தகங்கள், நான் படிப்பித்த பள்ளிக்கூடம் என்று எத்தனையோ அரைவாசியில் விட்டு வந்தவர்கள் நாங்கள். எதையும் அதன் முடிவு மட்டும் பார்த்துக்கொள்ளக் கிடைக்கவில்லை. இந்த ஒன்றையாவது அதன் சாதாரண முடிவு மட்டும் கவனிக்க எனக்கு வசதி இருக்கிறது. அதுதான் காரணம். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ஆனா ஒரு எல்லை வையுங்கோ" என்றாள்.

வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் எஞ்சினைத் தாங்கும் சட்டக் கால்கள் இரண்டும் கறள் பிடித்தால் அத்தோடு நிறுத்துவேன். அப்போது காரை இரும்புக்குக் கொடுக்காமல் பாகம் பாகமாகக் கொடுப்பேன். வேறு நாலு கார் ஓடும். என் கண்ணும் நாரியும் முந்தினால் அதற்கும் சம்மதம். இங்கே 70க்குப் பிறகு லைசென்சை மூன்று வருடத்துக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும், அடுத்தது 73இல்.

இந்த முறை வேலை நேர்மையாக நடந்தது. இருக்கையையும் கம்பளத்தையும் கழற்றி, நல்ல இரும்பு வரும் வரை வெட்டி, உள் தகடு வெளித் தகடு இரண்டையும் புதிதாக வைத்து வெல்ட் பண்ணி, உள்ளே மெழுகு அடித்திருக்கிறார்கள். மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். இரண்டாம் முறை தேறிவிட்டது.

வாங்க யோசிக்கும் பிள்ளைகளுக்கு: கிலோமீற்றரையும் பெயின்ற்றையும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு ரோச் லைட்டோடு கீழே படுத்துப் பாருங்கள். வடிகாலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இங்கிலாந்தில் என்றால், நம்பர் பிளேற்றை அடித்தால் பழைய எம்.ஓ.ரி முடிவுகள் இணையத்தில் இலவசமாக வரும்; "கறள்" என்று எத்தனை வருடமாக எழுதி வருகிறார்கள் என்று வாசியுங்கள். வாங்கும் விலையில் பாதியை முதல் வருடத் திருத்தத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அது இல்லையென்றால் பொறுங்கள், கார் எங்கேயும் ஓடிவிடாது.

இந்தக் கோடையில் லெஸ்ரர் பக்கம் வருபவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் ஏற்றலாம். மற்றவர்கள் வழமைபோல வரிசையில் நிற்க வேண்டும், சத்தம் போடக் கூடாது.