குடாநாட்டுப் பயணம் – 4: உலைக்கு முன் ஒரு பிடி

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் ஏறி, காங்கேசன்துறை வீதியில் கொஞ்ச தூரம் போனதுமே வண்ணார்பண்ணை. ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய இடம். கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளுக்குக் கடல் கடந்து பணம் வந்தது. நாவலர் அடுப்படியை நம்பினார்: வீட்டுக்கு வீடு பிடியரிசி.

அது என்னவென்று நான் தங்கியிருந்த இணுவில் வீட்டு ஆச்சி காலையிலேயே செய்து காட்டியிருந்தார். உலையில் தண்ணீர் கொதிக்கிறது. அரிசியைக் களைவதற்கு முன், சுளகிலிருந்து ஒரு கை அள்ளிப் பக்கத்துப் பனையோலைப் பெட்டியில் போட்டார். "கையை இறுக்கக் கூடாது தம்பி. இறுக்கினா அரைவாசி சிந்திப்போடும். அம்மா இப்பிடித்தான் சொல்லித் தந்தவ. கிழமை முடிய ஆக்கள் வந்து வாங்கிக்கொண்டு போவினம்."

வரி என்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஊர்ப் பள்ளிக்கு ஊரே ஒப்புக்கொண்டு கட்டிய வரி அதுதான். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவானது; சனத்தின் வாயில் அது 'இந்து போட்'. அதை நடத்திய வழக்கறிஞர் சு. இராசரத்தினத்தை 'இந்து போட்' இராசரத்தினம் என்றே சனம் அழைத்தது. சங்கத்தின் பள்ளிகள் நூற்றைத் தாண்டின. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசின் உதவி நன்கொடை கிடைக்கும். காணியும் கட்டடமும் ஊரின் தலையில்.

பேருந்து மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் கடந்து தெல்லிப்பழைக்குப் போனது. 1816இல் அமெரிக்க மிஷன் வந்திறங்கிய ஊர். முதலில் வந்தவர்களில் ஒருவரான டானியல் பூவர் மாசசூசெற்ஸ் மாநிலத்து டான்வேர்ஸைச் சேர்ந்தவர். ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஆசிரியர் ஒருவரை வைத்தே ஆகவேண்டும் என்று 1647இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் கை உயர்த்திப் பள்ளிக்கு வரி போட்டுக்கொள்வதும் அந்தப் பக்கத்து வழக்கம். பூவரோடு பைபிள் வந்தது, வானசாஸ்திரம் வந்தது. அந்த ஊர்க்கூட்டம் மட்டும் கப்பலேறவில்லை.

1931இல் இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது, பெண்களுக்கும்தான். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுதந்திரம் கேட்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் 4 தொகுதிகளில் வேட்பாளரே இல்லை. கிழமைக்குக் கிழமை பள்ளிக்கு அரிசி கொடுத்த பெண்களுக்கு வாக்கு வந்தபோது, போடுவதற்குப் பெட்டி இல்லை.

ஆனால் அந்தப் பிடியரிசிக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுப்பவன் பள்ளியைத் தன் வீட்டுத் திண்ணையாக நினைப்பான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் குந்தினார்கள். பல பள்ளிகளுக்குள் அவர்களுக்கு அனுமதியே இல்லை. உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1930ஐ ஒட்டி அரசு உத்தரவிட்டபோது சில பள்ளிகளுக்குத் தீயே வைத்தார்கள். ஊரே நடத்திய பள்ளியில் நியாயத்துக்கு வெளியிலிருந்து கடிதம் வரவேண்டியிருந்தது.

1945இல் இலவசக் கல்வி. 1960, 61 சட்டங்களோடு உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. இன்று சின்னக் கிராமப் பள்ளிகள் மாகாண சபையின் பொறுப்பு. அந்தச் சபைக்கு வடக்கு கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பரில். 2018இல் காலம் முடிந்தபின் ஆளுநர் ஆட்சிதான். பிரதேச சபை வாங்கும் சோலைவரி பள்ளிக்குப் போகுமா என்று தெல்லிப்பழைத் தேநீர்க்கடையில் கேட்டேன். பக்கத்து மேசையில் இருந்த ஓய்வுபெற்ற மாஸ்ரர் சிரித்தார். "அது றோட்டுக்கும் லைற்றுக்கும். பள்ளிக்கூடத்துக்கு வெளிநாடுதான்."

அவர் கூட்டிப்போன ஆரம்பப் பள்ளியில் மேசைகளின் விளிம்பில் 'உபயம்' என்று எழுதி, கீழே ஒரு குடும்பப் பெயரும் 'ரொறன்ரோ'வும். ஒரு மேசையில் பிள்ளை ஒருத்தி பென்சிலால் அந்த 'ரொ'வின் வட்டத்துக்குக் கண்ணும் மூக்கும் போட்டிருந்தாள். இரண்டு ஊர் தள்ளி இன்னொரு பள்ளி இருக்கிறதாம். அந்த ஊரிலிருந்து யாரும் கனடா போகவில்லை. மேசைகளும் பழையவைதான் என்றார் மாஸ்ரர்.

பொழுதுபட இணுவிலுக்குத் திரும்பினேன். ஆச்சி மறுபடியும் உலை வைத்துக்கொண்டிருந்தார். ஓலைப்பெட்டி பாதி நிறைந்திருந்தது. இப்போது இந்த அரிசி யாருக்கு என்று கேட்டேன்.

"கோயில் அன்னதானத்துக்கு. பள்ளிக்கூடத்தால இப்ப ஒருத்தரும் வந்து கேக்கிறேல்லையே."

(அடுத்த இதழில்: பண்ணைப் பாலம் தாண்டி)