டிராலி அடுக்கும் நேரம்

மலையிலிருந்து கேஸ் வருகிறது என்று போன் வந்தால், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று பொருள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆம்புலன்ஸ்காரர் அங்கே எவ்வளவுதான் விரட்டிவிட முடியும்? கிளியூர் அருவிப் பக்கம் வளர்ந்தவள் என்பதால் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். வண்டி இப்போது எங்கே வந்திருக்கும் என்று மனம் எண்ணிக்கொண்டிருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் கை டிராலியை அடுக்கிக்கொண்டிருக்கும்.

கத்தி, கத்தரிக்கோல், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், நீடில் ஹோல்டர். எந்த ஆபரேஷனானாலும், எந்த சிஸ்டர் நின்றாலும், அதது அதனதன் இடத்தில். புதுப்பிள்ளைகளுக்குக் கை நடுங்கினால், "தைரியம் பத்தாது" என்பார்கள் சீனியர்கள். நேற்றிருந்த இடத்தில் இன்று கத்தரிக்கோல் இல்லையென்றால் யாருக்குத்தான் நடுங்காது?

நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு விதமாக அடுக்குவார்கள். ரத்தம் ஒற்றும் துணியான மாப்பை ஐந்தைந்தாகப் பிரித்து எண்ணும் வழக்கமே இல்லை, குவியலாகக் கிடக்கும். ஒரு நாள் வயிற்றை மூடும் முன் எண்ணினேன். 19. ஆரம்பித்தபோது 20 இருந்ததா, 19தானா? எங்கும் எழுதிவைக்கவில்லை. சர்ஜன் தையல் கேட்டார். கொடுத்துவிட்டேன். இரண்டு தையல் விழுந்த பிறகுதான், "சார், ஒரு மாப் குறையுது" என்றேன். நல்ல வசவு விழுந்தது. ஆனாலும் பிரித்துப் பார்த்தார். கல்லீரலுக்குப் பின்னால் இருந்தது. வாங்கிய வசவு மறந்துவிட்டது. அந்த இரண்டு தையல் நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றது மட்டும் இன்றும் உறுத்துகிறது.

பிறகு வேலை பார்த்த இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து சத்தமாக எண்ணுவோம்: தொடங்கும் முன், வயிற்றை மூடும் முன், தோலை மூடும் முன். எண்ணிக்கை சுவரிலுள்ள போர்டில் ஏறும். அதன்பின் இருபது வயதுப் பெண் ஐம்பது வயது டாக்டரோடு வாதாட வேண்டியதில்லை. போர்டு பார்த்துக்கொள்ளும்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்ததில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக அடுத்த ஆண்டு செய்தி வந்தது. அந்தப் பட்டியலில் எங்கள் டாக்டர்கள் சிரித்த வரி ஒன்றுண்டு: கத்தி வைக்கும் முன் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். தினமும் பார்க்கிற முகம்தானே என்றார்கள். ஆனால் ஒருமுறை தன் பெயரைச் சொல்ல வாய் திறந்த பெண்ணுக்கு, "கொஞ்சம் நிறுத்துங்க சார்" என்று சொல்லவும் வாய் வருகிறது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தைரியத்தைவிட ஒழுங்குதான் பெரிது என்பதற்கு இன்னொரு சாட்சி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். அந்த வேகத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். மேசையருகே நிற்பவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்து, இரண்டு வருடம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய செய்தி.

தியேட்டர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புதிதாக வந்த பெண் தடுமாறினால், அவளைத் திட்டும் முன் உங்கள் கருவி அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.