பழஞ்சட்டை

ஒருவர் அணிந்து கழித்த ஆடையை மற்றவர் விலைகொடுத்து வாங்குவது இன்று ஸ்கண்டிநேவிய நாடுகளில் நாகரிகம். 1947இல் சுவீடனில் பிறந்த எச் அண்ட் எம் நிறுவனமே இப்போது பழைய உடுப்பும் விற்கிறது. நீரும் பருத்தியும் மிச்சமாகும் என்பது மெய்; அதனை நாம் பழிக்கவில்லை.

ஆனால் பழந்துணி எமக்கு வேறு வழியாக வந்தது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள், முகமறியாதார் உடுத்த சட்டைகளை வரிசையில் நின்று பெற்றோம். அளவு கேட்க எவரும் துணியவில்லை. குமர்ப்பிள்ளைகள் பட்ட கூச்சம் சொல்லுந்தரமன்று.

போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. எம் பெண்கள் இன்று மேலைநாட்டாருக்குப் புத்தாடை தைக்கின்றனர். ஒஸ்லோவிலிருந்து வந்த உறவினர் தந்த பழஞ்சட்டையொன்றின் கழுத்துப்பட்டியில் ‘இலங்கையில் தயாரிக்கப்பட்டது’ என்றிருக்கக் கண்டோம். மாணவ நண்பர்களே, அதற்கு அங்கே கொடுத்த விலையையும் இங்கே தைத்தவள் பெற்ற கூலியையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.