ஒளி தந்த கண்ணாடி

1905ஆம் ஆண்டில் திருச்சி இரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, இயேசுவின் வாழ்க்கைப் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டார். அவ்வழியில் வளர்ந்த திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியபின், பழைய புரொஜக்டர்களின் லென்சுகள் இரும்புக் கடைகளை அடைந்தன.

அவற்றுள் ஒன்றை இராயப்பன்பட்டியில் நாம் டிஜிட்டல் கேமராவில் பொருத்தினோம். புரொஜக்டர் லென்சில் ஒளியைக் குறைக்கும் இதழ்த்துளை இல்லை. தூரத்தைச் சரிசெய்யும் வளையமும் இல்லை. ஆகவே லென்சுக்கும் கேமராவுக்கும் இடையே நீண்டு சுருங்கும் திருகுகுழாய் ஒன்றை இணைத்தோம். 1840இல் யோசப் பெட்சுவால் வகுத்த அமைப்பைத் தழுவிய லென்சு அது. நடுவில் கூர்மை தரும். ஓரங்களைச் சுழலும் மங்கலாக்கும்.

திராட்சைப் பந்தலின் கீழ்க் குலை வெட்டிய அம்மையார் ஒருவரை, அவர் இசைவுடன் படமெடுத்தோம். கொடியும் இலையும் சுழன்று கரைய, வியர்வை படிந்த அவர் முகம் மட்டும் தெளிவாக நின்றது. திராட்சைத் தோட்டப் படங்களில் கனியே முன்னிற்பது வழக்கம். இங்கே உழைப்பவர் முன்னின்றார்.

ஓர மங்கலைக் குறை என்பர் கண்ணாடி வல்லுநர். அக்குறையே ஒரு மனிதரை நமக்குக் காட்டித் தந்தது. எதை மங்கவிடுவது, யாரைத் தெளிவாகக் காண்பது என்னும் தேர்வு நம் கண்களுக்கும் உரியதன்றோ?