ஐம்பது பிரதிகள்

1976 ஜூலையில், லண்டனில், மார்க் பெர்ரி என்கிற 19 வயது வங்கிக் குமாஸ்தா 'ஸ்னிஃபின் க்ளூ' என்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். ராமோன்ஸ் போன்ற குழுக்களைப் பற்றிப் பெரிய இசை வாரப் பத்திரிகைகள் எழுதியது அவருக்குப் போதவில்லை. டைப்ரைட்டர், தலைப்புகளுக்கு ஸ்கெட்ச் பேனா, ஜெராக்ஸ். முதல் இதழ் ஐம்பது பிரதிகள் போல. பிழைகளும் அடித்தல்களும் அப்படியே நின்றன.

நானும் வங்கிக் குமாஸ்தா என்பதால் முதலில் பொறாமைதான் ஏற்பட்டது. பெர்ரி வேலையை விட்டுவிட்டார். நான் சலான்களின் பின்புறத்தில் விமர்சனக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிழைகளையே ஒரு கொள்கையாகக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. (நம் பத்திரிகைகளில் கவிதைவரி இடம் மாறி அச்சாவதை எந்தக் கொள்கையும் நியாயப்படுத்தாது.) எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1977 ஜனவரியில் க்ளாஷ் குழு சிபிஎஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பங்க் இசை அன்றோடு செத்தது என்றார் பெர்ரி. ஏப்ரலில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. அதே பெர்ரி அதை மனம் திறந்து பாராட்டி எழுதினார்.

ஒரு நண்பரின் கவிதைத் தொகுதி பெரிய பதிப்பகம் ஒன்றிலிருந்து வந்தபோது, அந்த ஒரே காரணத்துக்காகப் பிரிக்காமல் வைத்தவன் நான். இரண்டு வருஷம்.

பிரதிகள் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்த 1977லேயே, 12ஆம் இதழோடு பெர்ரி நிறுத்திக்கொண்டார். நாம் நிறுத்துவது காகிதக் கடன் தீராமல்.

தொகுதியை நேற்றிரவு பிரித்தேன். நான்கு கவிதைகள் நன்றாக இருக்கின்றன. நண்பருக்கு இன்னும் எழுதவில்லை.