வடக்கிலிருந்து வந்தவன்

நோர்வேயின் வட அந்தலையில், பின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1988 நவம்பரில். ஒரு கிழமைக்குள் சூரியன் போய்விட்டது. இனித் தை மாத நடுவில்தான் வரும் என்றார்கள். சூரியனுக்கு லீவு கொடுக்கிற ஊரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

விடிய நாலரைக்கு என்னையும் இன்னும் இரண்டு பெடியளையும் ஏற்றிப்போக எங்கள் மேற்பார்வையாளர் தன் பழைய வொல்வோவில் வருவார். அறுபது வயது மனிசன். அந்த மாரி முழுக்க எங்களோடு அவர் கதைத்தது ஐம்பது சொல் இருக்கும். கோபமில்லை, அந்தப் பக்கத்து வழமை அது. கதைக்காத குறையைக் காரிலிருந்த கசெற் தீர்த்து வைத்தது. ஒருநாள் அதில் காற்று ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஊளைக்கு மேலே, கூர்மையாக, நீளமாக, ஒரே ஒரு சுரம். அது தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த சுரம். பின் இருக்கையிலிருந்த என் சிநேகிதன் தூக்கக் கலக்கத்தில் சொன்னான்: “மச்சான், எங்கையோ கோயில்ல நாதஸ்வரம் தொடங்கியிட்டாங்கள்.”

இது என்ன வாத்தியம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நொஸ்க் மொழியில் கேட்டேன். கிழவர் “கார்பரெக்” என்றார். விளங்காமல் விழித்தேன். ஸ்ரேறிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வெளியே காட்டினார். இருட்டு, பனி, இருட்டுக்குள் ஒரு மலையின் விளிம்பு. “இதுதான் அது” என்றார். ஐம்பது சொல்லில் மூன்றை அதற்குச் செலவழித்திருந்தார்.

கசெற் உறையை இரவல் வாங்கி வந்து அகராதியோடு உட்கார்ந்தேன். 1976 இல் பதிவான அந்த இசைத்தட்டின் பெயர் ‘டிஸ்’. மென்புகார் என்று பொருள். முதல் உருப்படி ‘வாந்ரரெ’, அலைந்து திரிபவர்கள். பிறகு சிற்றலை, பரந்த மேட்டுவெளிகள், நிழல்கள். வகுப்பில் ஆசிரியை எங்களுக்குக் கற்பித்த நொஸ்க் ரயில் நிலையத்துக்கும் கடைக்கும் உதவியது. புகாரையும் நிழலையும் நான் யான் கார்பரெக்கிடம் படித்தேன். அந்த ஊளையும் உண்மையில் காற்றின் ஊளைதான். தென் நோர்வேக் கடற்கரையில் காற்றே மீட்டும் கம்பி வாத்தியம் ஒன்று நின்றது. அதன் ஒலியைப் பதிவு செய்து, அதற்கு மேல் கார்பரெக்கின் சாக்சபோனும் ரால்ஃப் ரவுனரின் பன்னிரண்டு தந்திக் கித்தாரும் வாசித்திருந்தார்கள்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து குடியேறினேன். எந்த நோர்வேக்காரரிடம் கார்பரெக்கின் பெயரைச் சொன்னாலும் அந்தக் கிழவரின் கை நீண்ட திசையிலேயே பேச்சுப் போகும். பனி, பியோர்ட், மலை, தனிமை. எங்களுடைய ஒலி, இந்த மண்ணின் ஒலி. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இவர்களுடைய மலை, இவர்களுடைய ஒலி, எனக்கென்ன?

தலையாட்டுவதை நிறுத்தியது டைக்மன் நூலகத்தில். அந்த நூலகத்தில் இசைத்தட்டும் இரவல் தருவார்கள். சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவனுக்கு அது பெரிய கொடை. அங்கேதான் கார்பரெக்கின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தேன். பிறந்தது 1947 இல், மீசன் என்ற சிற்றூரில். தாய் ஒரு நோர்வே விவசாயியின் மகள். தகப்பன் போலந்துக்காரர், உலகப் போரில் ஜெர்மன்காரர் பிடித்துவந்த கைதி. போர் முடிந்தும் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டார். அந்தக் காலச் சட்டப்படி பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஏழு வயதுவரை யான் கார்பரெக் நாடற்றவர்.

‘ஸ்தாத்ஸ்லோஸ்’. அந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அப்போது என் சட்டைப்பையில் இருந்த பயணப் பத்திரத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அடித்திருந்தார்கள். நாட்டின் ஒலி என்று எல்லாரும் கொண்டாடுகிற ஒலியை ஊதியவன், சின்ன வயதில் எந்த நாட்டுக்காரனும் இல்லை. அன்று நூலகத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினேன். மலையைத் தேடிக் கேட்கவில்லை, எது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 1961 இல், பதினாலு வயதில், வானொலியில் ஜோன் கொல்ட்ரேன் வாசித்ததைக் கேட்டதிலிருந்து எல்லாம் ஆரம்பிக்கிறது. உடனே சாக்சபோன் வேண்டும் என்று நின்றான் பெடியன். வாத்தியம் கைக்கு வருமுன் பாடப்புத்தகம் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு, இல்லாத வாத்தியத்தில் விரல் பிடிக்கப் பழகினான். (என் மகன் பள்ளிக்கூட ‘கோர்ப்ஸ்’ பாண்டில் சேர்ந்தபோது இந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். அவனுக்கு முதல்நாளே வாத்தியம் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக எங்களை வீடு வீடாகக் கழிவறைக் கடதாசி விற்க விட்டார்கள். பாண்டுக்குக் காசு சேர்க்க நோர்வேப் பெற்றோர் செய்கிற தவம் அது.)

பிறகு வந்தவர்களும் வெளியாட்களே. அறுபதுகளின் நடுவில் ஸ்கண்டிநேவியாவில் தங்கியிருந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஜோர்ஜ் ரசல், மொல்டே ஜாஸ் விழாவில் இந்தப் பெடியனைக் கேட்டுத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஸ்வீடனில் குடியேறிய கறுப்பின அமெரிக்கர் டொன் செரி, பொக்கெற் ரம்பெற் ஊதுகிறவர், உங்கள் ஊர்ப் பாட்டை ஏன் தொடாமல் இருக்கிறீர்கள் என்று ஒஸ்லோ இளைஞர்களை உசுப்பிவிட்டார். நோர்வே நாட்டார் பாடலை நோக்கி நோர்வேக்காரரைத் திருப்ப ஓர் அமெரிக்கர் தேவைப்பட்டார். சொந்த வீட்டுப் பரணில் கிடப்பதை விருந்தாளி வந்து எடுத்துக் காட்டுவது எங்கும் நடக்கிறதுதான்.

1970 இல் மியூனிச்சிலிருந்து வந்த மன்பிரெட் ஐக்கர், தான் புதிதாகத் தொடங்கியிருந்த ஈசிஎம் நிறுவனத்துக்காக ஒஸ்லோவில் கார்பரெக்கைப் பதிவு செய்தார். ‘ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்’ என்ற அந்தத் தட்டில் பனியும் இல்லை, அமைதியும் இல்லை. அடித்தொண்டையால் கத்துகிற இளரத்தம். அந்தக் கத்தல் தெரிந்தவன் நிறுத்திய சுரம் என்பதால்தான் பிற்காலத்து ஒற்றைச் சுரங்களுக்கு அவ்வளவு பாரம். மலையில் எதிரொலிக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்த எதிரொலியில் பெரும்பகுதி யான் எரிக் கொங்ஸ்ஹௌக் என்ற ஒலிப்பதிவாளரின் கைவேலை. மலை இருந்தது ஒஸ்லோவில், நாலு சுவருக்குள்.

அந்த எழுபதுகளில் மனிசன் ஓயவில்லை. பொபோ ஸ்ரென்சனோடு ‘விச்சி தை தோ’. அந்தத் தலைப்புப் பாட்டு ஜிம் பெப்பர் என்ற அமெரிக்கப் பூர்வகுடிச் சாக்சபோன்காரருடையது. 1974 இல் கீத் ஜரெற்றோடு ‘பிலோங்கிங்’, மூன்று வருசம் கழித்து ‘மை சோங்’. பிரேசிலின் எக்பெர்த்தோ கிஸ்மொன்ரி, அமெரிக்கரான சார்லி ஹேடன் இருவரோடும் ‘மஜிக்கோ’. தன் பெயரில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட தட்டுகள். பிறருடையவற்றில் ஊதியதையும் சேர்த்தால் என் அலுமாரி போதாது. ஆனால் ஒன்றைப்போல் மற்றது இல்லை. ‘மை சோங்’ கேட்கிறபோது ஜரெற்றின் பியானோ வார்த்தைக்கு வார்த்தை பேசிக்கொண்டே போகும். கார்பரெக் இடையில் வந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் அதிகம் பேசாத பெரியப்பா கலியாணப் பேச்சில் வாய் திறந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே, அது மாதிரி.

எண்பதுகளின் தட்டுகள் சிலதை நான் இப்போது எடுப்பதில்லை. மின்விசை வாத்தியங்களின் பளபளப்பு வயதாகி உரியத் தொடங்கிவிட்டது. தோமஸ் திரான்ஸ்ரோமரின் கவிதைகளிலிருந்து பெயரெடுத்த 1984 ஆம் ஆண்டுத் தட்டில்கூடப் பெயர்கள்தான் எனக்கு அதிகம் பிடித்தன. ஆனால் 1988 இல் வந்த ‘ஏழு கனவுகளின் கதை’ வேறு. அதில் முதல் உருப்படி ஒரு ‘யொய்க்’, வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் மரபு இசை. பெயர், ‘அவன் வடக்கிலிருந்து வருகிறான்.’

பின்மார்க் தொழிற்சாலை மேசையில் என் பக்கத்தில் நின்று தொர்ஸ்க் மீன் வெட்டியவர் ஒரு சாமி அம்மா. வாய்க்குள் ஏதோ முனகுவார், சொற்களில்லாமல். பாட்டா என்று கேட்டால் தலையை ஆட்டுவார், இல்லை என்று. ஒருவரைப் பற்றி யொய்க் பாடுவதில்லை, அந்த ஆளையே யொய்க் ஆக்குவது என்று பின்னால் படித்து அறிந்தேன். சாமி ஊர்ப் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் அதை வாயெடுக்க விடவில்லை என்பதையும் படித்தேன். அந்த அம்மா ஏன் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கார்பரெக் அந்த மெட்டை எடுத்து ஒளிக்காமல் ஊதுகிறார். எனக்கோ அந்தத் தலைப்பைக் கேட்டதும் கொழும்புச் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். எங்கிருந்து வருகிறாய்? வடக்கிலிருந்து. அந்த ஒரு பதிலுக்காக எத்தனை தரம் வரிசையை விட்டு இறக்கப்பட்டிருக்கிறேன்!

நான் கடைசியாகக் கண்டுபிடித்த தட்டு உண்மையில் இவற்றில் சிலவற்றுக்கு முந்தியது. ‘விஷன்’, 1983 ஏப்ரலில் ஒஸ்லோவில் பதிவானது. டென்மார்க்கின் பல்லே மிக்கெல்போர்க் ஒரு பக்கம், கார்பரெக் மறுபக்கம். நடுவில் பத்துத் தந்தி இரட்டை வயலினோடு எல். சங்கர். சக்தி குழுவில் ஜோன் மக்லோக்லினோடு வாசித்த அதே சங்கர். சென்னையில் பிறந்தவர் என்றாலும் சின்ன வயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தகப்பனார் லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. என் அப்பா இருந்திருந்தால் அந்த வாத்தியாரை இன்ன சந்தியில் கண்டேன் என்று கதை தொடங்கியிருப்பார்.

ஆக, 1958 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பிள்ளையும் 1954 வரை நாடற்றிருந்த பிள்ளையும் ஒரே அறையில் நின்று வாசித்திருக்கிறார்கள். சங்கரின் வில் வளைந்து கமகத்தில் இறங்க, அந்த வளைவு முடிகிற இடத்தில் காத்திருந்து சாக்சபோன் எடுத்துக்கொள்கிறது. போட்டியில்லை, கேள்வி பதில் வித்தையுமில்லை. மூன்று மாதம் கழித்து, இலங்கையில் ஜூலைக் கலவரம் வந்தது. நாலு வருசம் கழித்து நான் அதே நகரத்தின் விமானநிலையத்தில், மெல்லிய சட்டையோடு இறங்கினேன். இங்கே எங்களுடைய சத்தம் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு.

சங்கர் பிறகும் வந்தார், ஸாகிர் உசேனையும் திரிலோக் குர்த்துவையும் கூட்டிக்கொண்டு. 1990 இல் பாகிஸ்தானிய உஸ்தாத் பதே அலி கானோடு கார்பரெக் ‘ராகாஸ் அண்ட் சாகாஸ்’ செய்தார். அதில் பாடுகிற இளங்குரல் தீபிகாவுடையது. ஒஸ்லோவில் பிறந்த, குடியேறிய வீட்டுப் பிள்ளை. இன்று டீயா கான் என்ற பெயரில் ஆவணப்படங்கள் எடுக்கிறார். அந்தத் தட்டில் மட்டும் கார்பரெக் தயங்குகிறார் என்பது என் காது. ஆலாபனை போகிற போக்குக்குப் பின்னால் அவர் கொஞ்சம் மரியாதை கூடிப்போய் நிற்கிறார்.

உலகம் முழுக்கத் தெரிந்தது ‘ஒஃபீசியம்’. ஹிலியர்ட் குழுவின் நாலு ஆண்குரல்கள் பழைய இலத்தீன் தேவாலயப் பாடல்களைப் பாட, மேலே சாக்சபோன் அலையும். 1993 இல் ஒஸ்திரியாவின் சென்ற் ஜெரோல்ட் மடத்தில் பதிவு செய்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஜாஸ் ஆட்களுக்கு வாய் வரவில்லை. பல் வைத்தியரின் காத்திருப்பறையில் நானும் கேட்டிருக்கிறேன். அது கார்பரெக்கின் குற்றமில்லை.

அதே நிகழ்ச்சி ஒஸ்லோவில் ஒரு தேவாலயத்தில் நடந்தபோது அம்மாவையும் கூட்டிப்போனேன். ஊரிலிருந்து வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. அளவெட்டிப் பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கோயில் வீதியில் விடிய விடிய நின்று கேட்ட மனிசி. வாசலில் “சப்பாத்தைக் கழட்டட்டோ?” என்று கேட்டா. வேண்டாம் என்றேன். கால் விறைத்துவிடும்.

பாடகர்கள் பாடிக்கொண்டே தூண்களுக்கிடையில் நடந்தார்கள். கார்பரெக் வளைந்த சொப்ரானோ சாக்சபோனோடு எங்கேயோ பின்னாலிருந்து வந்தார். ஒரு சுரம் ஊதி நிறுத்தினார். கல் கூரை அதை வாங்கி வைத்திருந்து மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்து முடியும்வரை நின்றார். அடுத்த சுரம். ஒஸ்லோவில் கொங்ஸ்ஹௌக் செய்த மலையை இங்கே கட்டடம் தானே செய்தது. அம்மா என் பக்கம் சாய்ந்தா.

“தம்பி, இந்தாள் ஏன் நிப்பாட்டி நிப்பாட்டி ஊதுது?”

“அது அப்பிடித்தான் அம்மா.”

“இல்லை. ஆரையோ பாத்துக்கொண்டு நிக்குது. தவில்காரன் வரேல்லைப் போலை.”

முன் வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தா. அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தா. பிறகு ஒன்றேகால் மணித்தியாலம் அசையவில்லை. முடிந்ததும் கார்பரெக் ஒரு வார்த்தையும் பேசாமல் தலையைக் குனிந்துவிட்டுப் போனார். எங்கள் மேற்பார்வையாளரின் இனம்.

ட்ராமுக்குக் காத்திருக்கையில் பனி கொட்டத் தொடங்கியது. எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். சால்வையை இழுத்து மூடிக்கொண்டா.

“கடைசிவரை அவன் வரேல்லைத்தானே. ஆனாலும் மனிசன் விடாமல் வாசிச்சு முடிச்சிட்டுது. தவில் இல்லாமல் வாசிக்கிறதெண்டால் லேசே?”